இன்னும் நடக்காத விஷயம்

சரக்கு லிஃப்ட் சிமெண்ட் மூட்டைகளுடன் மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரன், கைப்பிடியை விடாமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான்காவது மாடியில் கூண்டு நின்றது. நின்ற பிறகு தானாகவே ஒரு சாண் கீழே இறங்கி, மறுபடி நின்றது.

"பாத்தீங்களா மச்சான்?"

சூப்பர்வைசர் பார்த்தார். லிஃப்ட்காரன் அவருடைய தங்கையைக் கட்டியவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"பிரேக் வழுக்குது. நேத்து ஒரு விரக்கடை அளவுதான் இறங்குச்சு. ஒருநாள் நிறுத்திப்போட்டு மெக்கானிக்கைப் பாக்கச் சொல்லுங்க."

"காலை மீட்டிங்ல சொல்லிடறேன் மாப்ள."

கொத்தனாராக இருந்து மேலே வந்தவர் சூப்பர்வைசர். கொத்துக் கரண்டியை விட்ட பிறகு அவருக்குக் கஷ்டமாக இருந்தது அந்த மீட்டிங்தான். தகரக் கொட்டகையில் எல்லோரும் நின்றுகொண்டே பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடும் என்பார் மேனேஜர். ஷெட்யூல், மைல்ஸ்டோன், ரிஸ்க், இஷ்யூ என்று வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டி எழுதியிருக்கும். நடக்கக்கூடியது ரிஸ்க், நடந்துவிட்டது இஷ்யூ என்று சூப்பர்வைசர் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். ஒருநாள் வீட்டிலும் அதை விளக்கப்போக, அன்றிலிருந்து அவர் மனைவி, "கேஸ் தீரப் போவுது, ரிஸ்க். நாளைக்குத் தீந்துடும், அப்ப இஷ்யூ. எப்ப வாங்கிட்டு வர்றதா உத்தேசம்?" என்று கேட்டுக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் தன் முறை வந்ததும் அவர் பிரேக்கைப் பற்றிச் சொன்னார். மேனேஜரின் செல்போன் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"சரி. ஆனா இது ரிஸ்க்தானே, இன்னும் இஷ்யூ ஆகலையே? மேல்மாடி கான்கிரீட் இந்த வாரம் முடிஞ்சாகணும். அதுதான் மைல்ஸ்டோன். ஓனரே வர்றார். அது முடியட்டும், லிஃப்டை நிறுத்திப் பாத்துக்கலாம்."

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் தன்னுடையதைப் பேச ஆரம்பித்துவிட்டான்.

கான்கிரீட் போட்ட அன்றைக்குத்தான் பிரேக் பிடிக்காமல் கூண்டு கீழே சரிந்தது. கீழே இரண்டு சித்தாள்கள் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரன் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடி, இருவரையும் அப்பால் தள்ளினான். தன் காலை இழுத்துக்கொள்ள அவனுக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜர் சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு நாள் தூங்காத கண்கள்.

"என்னை மேல இருந்து போட்டுக் குடையறாங்க. இது ஒரு கம்யூனிகேஷன் கேப், அவ்வளவுதான். பிரேக் கெட்டிருக்குன்னு லிஃப்ட்காரர் யார்கிட்டயும் சொல்லலை. நீங்க இதை மட்டும் சொல்லுங்க. உங்க மாப்பிள்ளைக்கு வாட்ச்மேன் வேலை போட்டுத் தர்றது என் பொறுப்பு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை கூஜாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேனேஜர் சொன்னதை அவளிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் குழாயை மூடினாள்.

"நீ மீட்டிங்ல சொன்னியாண்ணா?"

"சொன்னேம்மா."

"அப்ப அங்கயும் அதையே சொல்லு."

"அந்த வேலையும் கிடைக்காம போயிடுமே."

"சொல்லாம விட்டது அவருன்னு நீயே சொன்னா, நாளைக்கு அவர் மூஞ்சில எப்படிண்ணா முழிப்பே?"

விசாரணை அன்று எல்லோருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் பழக்கத்தில் எழுந்து நின்று, மாப்பிள்ளை சொன்னதையும், தான் மீட்டிங்கில் சொன்னதையும், மேனேஜர் பதில் சொன்னதையும் வரிசையாகச் சொன்னார். மேனேஜர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

தலைமை அலுவலகத்து அம்மா மரியாதையாகத்தான் கேட்டார். "அன்னைக்கு அங்க இருந்தவங்க யாருக்காவது இது ஞாபகம் இருக்கா?"

எலக்ட்ரீஷியன் தன் நகத்தைப் பார்த்தான். பிளம்பர் ஜன்னல் பக்கம் திரும்பினான். சூப்பர்வைசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. இதே ஆட்களுக்கு நடுவில் அவரும் எத்தனையோ காலை மீட்டிங்குகளில் இப்படி வாய் திறக்காமல் நின்றிருக்கிறார்.

"சரி, இதை அப்புறம் தனியா பேசிக்கலாம்," என்றார் அந்த அம்மா.

மறுநாள் வாசலில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "உள்ள விட வேணாம்னுட்டாங்கண்ணே. நான் என்ன பண்ணட்டும்?" என்றவன், அவர் முகத்தைப் பார்க்காமல், "டீயாவது சாப்பிட்டுப் போங்க," என்றான். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

"வேலை போச்சு மாப்ள," என்றார் கட்டிலருகே உட்கார்ந்து.

லிஃப்ட்காரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு அந்த மீட்டிங் எப்பவும் ஆகாது மச்சான்," என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

மதியம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பழக்கூடையோடு வந்தார்கள். ஒருத்தி பெண், சின்ன வயசு. கூட வந்தவன் கேமரா வைத்திருந்தான். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் பார்க்கிற இணையப் பக்கத்தில் போடுவதற்கு ஒரு படம் வேண்டுமாம்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் அவள் சூப்பர்வைசரிடம். அவர் சுவரோரம் போனார். பழக்கூடையை லிஃப்ட்காரனின் மடியில் வைத்தார்கள். கேமராக்காரன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டி அவளிடம் ஏதோ முணுமுணுத்தான்.

அவள் பக்கத்துக் காலிக் கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்தாள். "வலிச்சா சொல்லுங்கண்ணா," என்று மெதுவாகச் சொல்லி, போர்வையைத் தூக்கி, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அதை நீளவாக்கில் வைத்து மூடினாள். சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றான் கேமராக்காரன்.