ஆட்டுக்கால் சூப்பு

எழுபத்தெட்டாம் வருஷ மழையில், கொச்சி மட்டாஞ்சேரியின் அரிசிக் கிடங்கில் மூட்டைகள் சரிந்து சுமைக்காரன் ஒச்சப்பனின் வலது கை முறிந்தது. அவன் பெண்டாட்டி அங்கம்மாள் அழுதாள். அவளுடைய முன்பல்லைப் பெயர்த்ததும், ஒரு காதைச் செவிடாக்கியதும் அதே கைதான். இருந்தும் அழுதாள், மானங்கெட்ட மனசு.

பகலெல்லாம் பண்டகசாலையில் சுக்கு தரம் பிரித்துவிட்டு, வரும் வழியில் ஆட்டுக்கால் வாங்கி வருவாள். அம்மிக் குழவியால் எலும்பை நொறுக்கி, மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுச் சூப்பு வைத்து ஊட்டுவாள்.

"நீதான் புள்ள எனக்குச் சாமி" என்பான் ஒச்சப்பன். கை கட்டுக்குள் கிடந்தவரை அந்த வீட்டில் அடி விழவில்லை.

ஒருநாள் மலையாள வைத்தியர் கட்டின் மூங்கில் பத்தைகளை அவிழ்த்தார். "கை நல்லோணம் சேர்ந்து. இனி பேடிக்க வேண்டா." இனிப் பயப்பட ஒன்றுமில்லையாம்.

அன்று அங்கம்மாள் கப்பைக்கிழங்கை அவித்து, அயிலை மீன் குழம்பு வைத்தாள். சொந்தக் கையால் ஒரு வாய் அள்ளித் தின்றவன் முகம் சுளித்தான்.

"உப்பு எங்கடி, நாயே?"

அறை விழுந்தது. பழைய பலம் அப்படியே இருந்தது. அவள் உதடு கிழிந்து குழம்பில் ரத்தம் சொட்டியது. அத்தனை எலும்பும் இதற்குத்தானா?

அவன் தண்ணீர்ச் செம்பை எடுக்கத் தரையோடு அந்தக் கையை நீட்டினான். அங்கம்மாள் குழவியைத் தூக்கி, முன்பு முறிந்த அதே இடத்தில் போட்டாள். ஆட்டெலும்பைவிட எளிதாகவே உடைந்தது.

அவன் அலறலில் தெருவே கூடியது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கத்தாதய்யா. நாளையிலருந்து மறுபடி சூப்பு வைக்கிறேன்."