ஐம்பத்திரண்டு கேள்விகளும் ஒரு பூட்டும்

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த ஆறு மாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் அத்தனை பேரும் முனிவர்கள். சுகாதாரத் துறையின் ஐம்பத்திரண்டு கேள்விப் படிவம் அப்படித்தான் சொன்னது. நாற்பத்தெட்டு வீடுகளில் புகைப்பவர் பூஜ்யம், குடிப்பவர் பூஜ்யம். எல்லோரும் தினமும் அரை மணி நேரம் நடந்தார்கள், எட்டு மணி நேரம் தூங்கினார்கள், உப்பைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள்.

படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்தவளைத் துறையில் கேள்வி அக்கா என்பார்கள். வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்று கேட்பதுதான் அவள் உத்தியோகம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

அதிகாரி மூன்றாவது கிரீம் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்தபடி படிவக் கட்டைப் புரட்டினார்.

"போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரி இதய வார்டுல படுத்ததுல பதினோரு பேர் இந்த ஒரே கட்டடம். சிறுநீரகக் கல்லுக்கு வந்தவங்க தனி. முனிவர்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் வருது?"

"அவங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்."

"போய் உண்மையை எழுதிட்டு வாங்க."

உண்மை ஏதோ கடையில் எடைபோட்டுக் கொடுக்கிற சரக்கு மாதிரி பேசுகிறாரே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவள் திரும்பப் போனாள். லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கதவைத் திறந்தவள் ஒரு பஸ் டிரைவரின் மனைவி. டிரைவருக்கு ஊரெல்லாம் ஹாரன் என்று பெயர், வாய் அப்படி.

"உங்க வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா?"

"சீ, தொடவே மாட்டாருக்கா."

அவள் காலடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறையச் சிகரெட் துண்டுகள் கிடந்தன. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் பார்க்காதது போல நிமிர்ந்தார்கள்.

"அது எதிர்வீட்டுக்காரரோடது," என்றாள் ஹாரன் மனைவி. "ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட். வேலை முடிஞ்சு வந்து கால் பாட்டில் போட்டாத்தான் தூக்கமே வரும். கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேக்குதே."

கேள்வி அக்காவுக்கு அங்கேதான் பொறி தட்டியது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். "உங்களை விடுங்க. எதிர்வீட்டுல எப்படி?" அவ்வளவுதான், அணை உடைந்தது. தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை, அடுத்தவரைப் பற்றி என்றால் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தேநீரும் கொடுத்தார்கள். ஹாரன் சிகரெட்டோடு சேர்த்து ஊறுகாயைக் கரண்டியால் தின்பது வரை வந்து விழுந்தது. நான்கே நாளில் நாற்பத்தெட்டு வீட்டின் வண்டவாளமும் அவள் பையில் இருந்தது.

அதில் ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. ஏழெட்டு வீட்டில் ஒரே குற்றச்சாட்டு: டிரைவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை.

ஹாரன் விடுப்பில் இருந்த மதியம் அவரிடமே கேட்டாள். அவர் டிவிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கல்.

"என்னோடது. ஒன்பது மில்லிமீட்டர். டிப்போவுல என்னை மிஞ்சினவன் ஒருத்தன்தான், அவனுக்குப் பதினொண்ணு."

"தண்ணி குடிச்சா வராதே."

"குடிச்சா எங்கக்கா போறது? கடைசி நிறுத்தத்துல கக்கூஸ் பூட்டிக் கிடக்கு. சாவி மேனேஜர்கிட்ட. டிப்போவுக்கு வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கணும். அதுக்குள்ள வண்டி லேட்டு. மூணு லேட்டுக்கு ஒரு நாள் சம்பளம் கட். அதான் தண்ணி குடிக்கிறதில்ல, சோறும் சரியா திங்கிறதில்ல. பசிக்குச் சிகரெட். வீட்டுக்கு வந்தா உடம்பு முறுக்கிக்கிட்டே நிக்கும், அதுக்குக் கொஞ்சம் ஊத்திக்கிறது." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேனே."

உள்ளேயிருந்து மனைவி சிரித்தாள். "பொய் சொல்லாதீங்கக்கா. நாலு நாளா எங்க மாடிப்படியில உக்காந்து பிஸ்கட்தான் திங்கிறீங்க. நாங்களும் கணக்கெடுக்கிறோம்ல."

கேள்வி அக்காவுக்கு முகம் சுருங்கிப் போனது. பதினெட்டு வருடத்தில் யாரும் அவளைத் திருப்பிக் கேட்டதில்லை. அன்று அந்த வீட்டிலேயே சாப்பிட்டாள். ஊறுகாய் மட்டும் வேண்டாம் என்றாள்.

மறுநாள் அதிகாரியிடம் கழிப்பறைக் கதையைச் சொன்னாள். அவர் படிவத்தை மேலும் கீழும் தேடினார்.

"பூட்டுக்குக் கட்டம் இல்லையேம்மா. 'விழிப்புணர்வு குறைவு'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல டிக் பண்ணிடலாம்."

டிக் செய்தார்கள். இரண்டு வாரத்தில் சுவரொட்டி அச்சாகி வந்தது. நீல நிறத்தில் ஒரு சொம்பு சிரித்தது: 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பீர்.' ஒட்டுகிறவர்கள் நல்ல இடமாகப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். கடைசி நிறுத்தத்தில், பூட்டிய கழிப்பறைக் கதவின் மேல்.

கேள்வி அக்கா அதைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றாள். பிறகு கடையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் மூன்று வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள்.

"என்ன விஷயம் மேடம்?"

"சுவரொட்டி சொல்லுது சார், குடிக்கிறேன்."

ஒன்றரைப் பாட்டிலில் வயிறு முட்டியது. பேச்சை வானிலை, வண்டிகள், பென்ஷன் என்று அவர் வளர்க்க, அவள் மடக்கு மடக்காகக் குடித்தாள். இரண்டாவது பாட்டிலின் அடியைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"கடைசி நிறுத்தத்துக் கக்கூஸ் சாவியைக் கொடுங்க."

"இங்கேயே ஆபீஸ் பாத்ரூம் இருக்கு மேடம்."

"அது உங்களுக்கு. டிரைவருங்க போக வேண்டிய இடத்துக்குத்தான் நான் போவேன். இல்லன்னா இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். அப்புறம் நாற்காலிக்கு நான் பொறுப்பில்ல."

மேனேஜர் நாற்காலியைப் பார்த்தார். புது மெத்தை வைத்தது. மேசை இழுப்பறை, அலமாரி, சட்டைப்பை எல்லாம் தேடினார். சாவி இல்லை. அது தொலைந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதும் அவருக்குத் தெரியவில்லை. நோட்டில் யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால்தானே தெரியும்.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கடைசி நிறுத்தத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். இருபது டிரைவர்களும் கண்டக்டர்களும் கூடிவிட்டார்கள். அவள் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றாள். "சீக்கிரம் அண்ணே," என்றாள், குரல் கீச்சென்று வந்தது. மூன்றாவது சுத்தியல் அடியில் பூட்டு தெறித்தது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை கட்டுக் கட்டாகச் சுவரொட்டிகள். 'கை கழுவுவீர்', 'புகையை விடுவீர்', 'மன அழுத்தம் தவிர்ப்பீர்'. எல்லாம் சாவி தொலைவதற்கு முன்பு அவள் துறை வருடா வருடம் அனுப்பி, இங்கே அடைத்து வைக்கப்பட்டவை. டிரைவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி அவற்றை வெளியே வீசினார்கள். பீங்கான் கண்ணுக்குத் தெரிந்ததும் கேள்வி அக்கா எல்லோரையும் துரத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வெளியே வந்தபோது யாரோ கைதட்டினார்கள். தட்டியவனை முறைத்தாள். அடுத்த நொடி அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

குழாயும் விளக்கும் வர நாலு மாதம் ஆனது. ஹாரன் சிகரெட்டை விடவில்லை, ஆனால் பாட்டிலைத் தொடுவது வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது என்று எதிர்வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். அதிகாரி ஆண்டறிக்கையில் 'சுவரொட்டிப் பிரசாரம் அமோக வெற்றி' என்று எழுதி, ஒரு கேடயம் வாங்கினார்.

கேள்வி அக்காவுக்கு வந்தது ஒரு கடிதம். பொதுச் சொத்தான பூட்டை உடைக்கச் செய்தது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் எழுத விட்டிருந்த அரைப் பக்கத்தில் அவள் 'அவசரம்' என்று எழுதி, தேதி போட்டு, பெற்றோர் வைத்த பெயரில் கையெழுத்துப் போட்டாள். அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஹாரன் வீட்டு மாடிப்படி ஏறினாள். லிஃப்ட் இன்னமும் ஓடவில்லை.