ஓரங்களில் நோய் இல்லை

தணிகைமணி ஒரு பேச்சை முழுசாகக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. பாதியிலேயே புரிந்துவிட்டது என்று கையைக் காட்டுவார். முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் வினை. பொதட்டூர்பேட்டையில் ஒரு ஜவுளிக் கிடங்கில் லுங்கி பார்த்து வாங்குவது அவர் வேலை. மடித்து அடுக்கிய லுங்கிக் கட்டுகளில் ஓரத்தை மட்டும் விரலால் நீவிப் பார்ப்பார். ஓரம் பிசகாமல் வந்திருந்தால் தறி ஒழுங்காக ஓடியிருக்கிறது, உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. துணி விஷயத்தில் அந்தக் கணக்கு அவரைக் கைவிட்டதே இல்லை.

அவர் மனைவி பத்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ரிப்போர்ட் வந்ததும் வந்து டாக்டரைப் பாருங்கள், மேற்கொண்டு வைத்தியம் அதை வைத்துத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். திருத்தணியில் வீட்டுக்கு வந்த பிறகு பத்மா சரியாகச் சாப்பிடவில்லை. ரவிக்கையைத் தொடமாட்டேன் என்று அவருடைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். அவளைத் தேற்ற வகை தெரியாமல் தணிகைமணி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

ரிப்போர்ட் அவர் போனுக்கு வந்தது. அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பானுப்ரியா அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். இங்கிலீஷைத் தட்டுத்தடுமாறித் தமிழாக்கிப் படித்தாள். கட்டியின் அளவைச் சொன்னாள். அடுத்து, வெட்டி எடுத்த ஓரங்களில் நோய் இல்லை என்றாள். தணிகைமணி நிமிர்ந்து, நாலு பக்கமுமா என்று கேட்டார்.

"ஆங், நைனா. எந்தப் பக்கமும் இல்லன்னு போட்டுக்கீது. இரு, கீழ இன்னும் நெறைய இருக்குது. நெறிக்கட்டின்னு என்னமோ..."

"போதும் விடுமா. ஓரம் சுத்தமா இருந்தா உள்ளயும் சுத்தம்தான். இதுகூடத் தெரியாமலா இத்தினி வருசம் குப்ப கொட்டிகினு இருக்கேன்?"

போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார். உள்ளே படுத்திருந்த பத்மா அதைக் கேட்டு எழுந்து வந்து, தானே தட்டில் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு பானுவுக்கும் மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை. பாவி மனுஷன், அன்றைக்கு அந்த வீட்டில் அவரைவிடச் சந்தோஷமாக யாரும் இல்லை.

சென்னைக்குப் போகவில்லை. தையலை உள்ளூரிலேயே பிரித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் விடாமல் கூப்பிட்டுப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்காங்க, சும்மா அலையவைக்காதீங்க என்று சொல்லி வைத்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்கு அவர் காவடி எடுத்தார். பத்மா மலைமேல் மொட்டை போட்டுக்கொண்டாள். சந்தனம் பூசிய தலையோடு படி இறங்கும்போது சிரிக்கக்கூடச் செய்தாள்.

மறுபடி முடி வளர்ந்து காதைத் தொட்டபோது, கழுத்துக்குக் கீழே, எலும்பை ஒட்டி ஒரு உருண்டை தட்டுப்பட்டது. இடுப்பிலும் தீராத வலி.

மகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ஓடினார்கள். எல்லா ஸ்கேனும் எடுத்து முடித்து, பத்மாவுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டரம்மா தணிகைமணியைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய ரிப்போர்ட்டை முன்னால் வைத்து, இதற்குப் பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டார். ஓரமெல்லாம் சுத்தம் என்று போட்டிருந்ததே என்றார் இவர். அந்தம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நிதானமாக விளக்கினார். ஓரத்தில் இல்லை என்றால், கத்தி வைத்த இடத்தில் மிச்சம் விடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நோய் அங்கிருந்து கிளம்பிவிட்டதா என்பதை அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகள்தான் சொல்லும். எடுத்த பதினாலில் ஆறில் இருந்தது. உடனே மருந்து ஏற்றவேண்டும் என்றுதான் அத்தனை தடவை கூப்பிட்டோம். இப்போது எலும்புக்குப் போய்விட்டது.

தணிகைமணி குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"அப்பவே வந்திருந்தா?"

"அப்ப நல்ல வாய்ப்பு இருந்துச்சுங்க. இனிமே கட்டுப்படுத்தத்தான் முடியும். முழுசாப் போக்க முடியாது."

அந்த நாற்காலியிலேயே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. மனைவியிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். நானே சொல்கிறேன் என்று எழுந்தார்.

வராந்தா பெஞ்சில் பத்மா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பானு ரிப்போர்ட்டில் மீதியைப் படிக்கப் போனதையும் தான் நிறுத்தியதையும் விடவில்லை. பத்மா பஞ்சை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"பானுவுக்கு இது தெரிய வேணாங்க. மீதியப் படிக்காம விட்டுட்டமேன்னு ஆயுசுக்கும் அழுவா. அப்ப ஒண்ணும் இல்ல, இது புதுசா வந்ததுன்னு சொல்லிடுங்க."

"என்மேல கோவம் இல்லியா உனுக்கு?"

"இல்லாம இருக்குமா? வயிறு எரியுது. அது என்னோட போவட்டும். அவளுக்கு வேணாம்."

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான். பத்மா எடுங்கள் என்று தலையசைத்தாள். எடுத்ததும் பானு அழுதுகொண்டே, அந்த ரிப்போர்ட்டில் கீழே என்ன இருந்தது நைனா என்றுதான் கேட்டாள்.

"டாக்டரம்மா முழுசாப் படிச்சுப் பாத்துட்டாங்கம்மா," என்றார் தணிகைமணி. "அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லியாம். நீ அழுவாத."