பல் பதிந்த படம்

"செத்த பிறகாவது அம்மா கண்ணுல அதைக் காட்டு" என்று அண்ணன் கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கேட்டபோது, சின்னவள் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

"எதைப்பா?" என்றார் சித்தப்பா. அப்பாவின் தம்பி. வந்ததிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து, எல்லோருக்கும் ஏதாவது உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த போட்டோ. இருந்ததே ஒண்ணுதான். அதை இவ தூக்கிட்டுப் போயிட்டா. அம்மா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"ஏம்மா, நிஜமா?"

"ஆமா சித்தப்பா. எங்கிட்டதான் இருக்கு. கொண்டுவரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சீப்பை மறுபடி ஓட்டினாள். அறைக் கதவில் சாய்ந்து நின்ற அண்ணி மூக்கை உறிஞ்சினாள். அது அழுகைக்கா, சின்னவளின் உடம்பில் ஒட்டியிருந்த வேலை வாடைக்கா என்று தெரியவில்லை. காலை ஷிப்டில் இருந்த சின்னவள், செய்தி வந்ததும் கையை மட்டும் கழுவிக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

அவள் வேலை செய்வது குப்பையிலிருந்து எரிபொருள் செய்யும் ஆலையில். நகரத்துக் குப்பையெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். முதலில் ஒரு இயந்திரம் தன் இரும்புப் பற்களால் மூட்டைகளைக் கிழித்துப் போடும். பிறகு காயவைத்து, பெல்ட்டில் ஓடவிடுவார்கள். அவளும் மற்ற பெண்களும் இரண்டு பக்கமும் நின்று, எரியாததைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கல், கண்ணாடி, இரும்பு. மிச்சத்தை அரைத்து, அழுத்தி, கட்டைவிரல் பருமனுக்கு உருளைகளாக்கி, நிலக்கரிக்குப் பதிலாக எரிக்க சிமெண்ட் சூளைக்கு அனுப்புவார்கள்.

போட்டோக்களை மட்டும் அந்தப் பெண்கள் அரைக்க விடுவதில்லை. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. மனித முகம் ஒன்று பெல்ட்டில் வந்தால், எடுத்துத் துடைத்துப் பின்சுவரில் ஒட்டிவிடுவார்கள். முன்பின் தெரியாத மாப்பிள்ளைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பொக்கைவாய்க் கிழவர்கள் என்று சுவரே ஒரு பெரிய குடும்பமாகிவிட்டது. "எரியறதெல்லாம் எரிபொருள். மூஞ்சி இருந்தா எரியாதா?" என்று சூப்பர்வைசர் கத்துவார். ஆனாலும் கிழித்துப் போட அவருக்கும் கை வரவில்லை.

அம்மா இருந்த அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடித்த சமயத்தில்தான் ஒருநாள் பெல்ட்டில் பச்சைத் திரைச்சீலை ஒன்று வந்தது. அந்த வீட்டு ஜன்னலுக்கென்று அவளே தைத்துக் கொடுத்தது. பின்னாலேயே போட்டோவும் வந்தது. அதில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். விளக்கு பளிச்சிடுகிற நேரம் பார்த்து அப்பா என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டாராம். அப்பா கேமராவைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் மார்பிலும் குறுக்காக, இயந்திரத்தின் பல் வரிசையாக ஓட்டை போட்டிருந்தது.

அன்று சாயங்காலமே அம்மா போனில் அழுதாள். "போட்டோவக் காணோம். நீ வந்துட்டுப் போனப்பதான் காணாமப் போச்சுன்னு உங்க அண்ணி சொல்றா. நீயா எடுத்த?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் யார் என்று அம்மா கேட்பாள். பதில் தெரிந்த பிறகும் அவள் அதே வீட்டில், அதே கையால் சோறு வாங்கித் தின்ன வேண்டும். சின்னவள் இருந்த ஒற்றை அறையில் அம்மாவைக் கொண்டுவந்து படுக்கவைக்க இடமில்லை.

"ஆமாம்மா, நான்தான் எடுத்தேன்."

"கொண்டாந்து குடுத்துடு."

எப்படிக் கொடுப்பது? அந்தப் பல் தடம் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். சின்னவள் பெல்ட்டிலிருந்து எடுத்துவந்த கைப்பையிலும் பாயிலும் அதே ஓட்டைகள்தான். "உன் வீட்ல எல்லாத்தையும் ஏதோ கடிச்சு வெச்சிருக்கு" என்று அண்ணன்கூடக் கேலி செய்வான். ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிடும். அதனால் ஈரம் ஏறாமல் லேமினேட் செய்து, ஆலைச் சுவரிலேயே ஒட்டி வைத்தாள். அம்மா அதன் பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "போட்டோ இல்லாம என் மூஞ்சில முழிக்காத" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். போன வாரமும் அப்படித்தான் திரும்பினாள். சின்னவளுக்கு அண்ணன்மேல் வந்ததைவிட அம்மாமேல்தான் அதிகம் கோபம் வந்தது. பெற்றவளுக்கு ஒரு சந்தேகம்கூடவா வராது?

அம்மாவைக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் கண்ணாடிக்காரி வந்துவிட்டாள். பெல்ட்டில் கண்ணாடி பொறுக்குகிறவள். சின்னவளின் பக்கத்தில் நிற்பவள். சுத்தமான துணியில் சுற்றிப் போட்டோவைக் கொண்டுவந்திருந்தாள்.

சின்னவள் அதை வாங்கி அண்ணன் கையில் கொடுத்தாள். இனி அம்மாவுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அவனுக்காவது தெரியட்டும்.

அண்ணன் பார்த்தான். அவன் கட்டைவிரல் ஓட்டைகளின்மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து நின்றது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்னப்பா ஓட்டை ஓட்டையா இருக்கு?" என்றார் சித்தப்பா.

"அது எங்க பெல்ட்டுல…" என்று கண்ணாடிக்காரி ஆரம்பித்தாள்.

"அம்மாகூடவே போகட்டும்!" அண்ணன் சத்தமாக அழுதான். படத்தைக் கவிழ்த்து, அம்மாவைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணிக்கு அடியில் செருகினான். "ஆசைப்பட்டுக் கேட்டாங்களே, கூடவே கொண்டுபோகட்டும்!"

"பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க கிடைச்சுதுன்னு கேக்க மாட்டியா அண்ணா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வண்டியில் சின்னவளும் ஏறிக்கொண்டாள். தகன மேடையில் உலை ஏற்கெனவே சூடேறியிருந்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வழக்கமாகக் கேட்கிற குரலில் கேட்டார்: "உள்ள பிளாஸ்டிக், பேட்டரி ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே எடுத்துருங்க."

"ஒண்ணும் இல்லீங்க" என்றான் அண்ணன்.

காக்கிச் சட்டைக்காரர் அப்படிச் சொல்பவர்கள் பலரைப் பார்த்தவர் போல. துணியைத் தூக்கி, விரலால் தடவி, படத்தை உருவினார். "லேமினேஷன் போட்டிருக்கே. இது உள்ள போகக் கூடாது. இந்தாங்க."

நீட்டிய கையில் படம் அப்படியே நின்றது. அண்ணன் அதைப் பார்த்தான். சித்தப்பாவைப் பார்த்தான்.

"அங்கயே போட்டுருங்க" என்றான்.

சுவரோரம் ஒரு தகர டிரம் இருந்தது. அதில் பிளாஸ்டிக் உறைகளும் தண்ணீர் பாட்டில்களும் கிடந்தன. படம் அதற்குள் விழுந்தது. உலைக் கதவு திறந்தது, அம்மா உள்ளே போனாள், கதவு மூடியது. யாரோ விம்மினார்கள்.

சின்னவள் டிரம்மின் பக்கம் போய்க் குனிந்தாள். தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்தபடியே, கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவினாள்.

"குப்பைல எல்லாம் கையை விடாதம்மா" என்றார் சித்தப்பா, அருவருப்போடு.

"பழகின கைதான் சித்தப்பா."

படத்தை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். படத்தில் அம்மா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.