முதலில் சிவப்பு

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஹைமா புடவைத் தலைப்பை இடது காதோரம் இழுத்துப் பிடித்திருந்தாள். காற்றும் இல்லை, அந்தப் பக்கம் வெயிலும் இல்லை. சோமாசி போன்ற கஜ்ஜிக்காய்க்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த கையோடு வாசலுக்கு ஓடி வந்த அனசூயா, பெட்டியை வாங்கக் குனிந்து நிமிர்ந்தபோது தலைப்பு நழுவியது. கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கன்ன எலும்பு வரைக்கும், நாவல்பழத்தைக் கசக்கி அரைகுறையாகத் துடைத்தது போல ஒரு நிறம். அதைப் பார்த்ததும் அனசூயாவின் வாயிலிருந்து வந்தது கேள்வி அல்ல, பதில்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டியா?"

ஹைமா அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல எடுத்த மூச்சை அப்படியே விட்டாள். "ஆமாம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. இளையவள் ஸ்ரவந்தியோடு அனுப்ப வேண்டிய பலகாரங்கள் கூடத்தில் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தன. பாலகொல்லுவின் அந்தச் சின்னத் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்து இறங்கினாலும் அடுத்த நிமிடம் பின்னாலேயே ஒரு தலை எட்டிப் பார்க்கும். சமையலுக்கு வந்திருந்த பெண் கேட்டாள். அனசூயா சொன்னாள். கணவர் கோட்டேஸ்வரராவ் கேட்டார். அவருக்கும் சொன்னாள், சோப்புத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டாள். நாத்தனார் கனகரத்னம் கேட்டபோது விசாகப்பட்டினத்து அடுக்குமாடிகளில் போடுகிற வழவழப்பான டைல்ஸ், பக்கெட்டின் விளிம்பு, நல்லவேளையாகத் தப்பிய கண் எல்லாமே வந்துவிட்டன. யாரும் வழுக்கியே விழாத ஒரு குளியலறையைத் தான் கல் கல்லாகக் கட்டிக்கொண்டிருப்பது அனசூயாவுக்கே தெரிந்தது. அதை நிறுத்த முடியவில்லை. சொல்லச் சொல்ல அந்த அறை உறுதியானது. அதற்குள் மகளை விழவைப்பது எளிதானது. ஹைமா பக்கத்திலேயே உட்கார்ந்து கஜ்ஜிக்காய்க்குப் பூரணம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"உப்பு ஒத்தடம் குடுத்தியாடி? குடுக்கலயா? முகூர்த்தத்தன்னைக்கு இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பந்தல்ல உக்காரப் போறியா?" என்றாள் கனகரத்னம்.

அந்தக் கேள்விதான் அனசூயாவைக் குத்தியது. மூத்த மாப்பிள்ளையையும் மகளையும் பந்தலில் ஒரே பலகையில் உட்காரவைத்து, பொட்டு வைத்து, புதுத் துணி கொடுக்க வேண்டும். அதற்கென்றே போன மாதம் விசாகப்பட்டினம் போய் முறையாக அழைத்துவிட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பானுபிரசாத் ரயில் நிலையத்துக்கே வந்து மாமனாரின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கோட்டேஸ்வரராவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது லீவு போட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தவர். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததும் அவர்தான். கல்யாணப் பையன் அவர் கீழே வேலை பார்க்கிறவன். நாளை சாயங்காலம் வந்துவிடுவார். பந்தலில் அவரும் ஹைமாவும் அருகருகே உட்கார, ஊரே எதிரில் உட்கார்ந்திருக்கும். அனசூயா நினைத்துப் பார்த்தது இவ்வளவுதான்: அந்தக் கன்னம் எந்தப் பக்கம் இருக்கும், புகைப்படக்காரன் எந்தப் பக்கம் நிற்பான்.

மேக்கப்காரி வேண்டாமென்று முடிவாகி நாளாகியிருந்தது. வேண்டாமென்றவள் கல்யாணப் பெண்ணேதான். ஸ்ரவந்தி ஜூனியர் காலேஜில் கணக்கு டீச்சர். பெண் பார்க்க வந்த அன்றும் வகுப்பிலிருந்து வந்த முகத்தோடுதான் உட்கார்ந்தாள். இந்த மூஞ்சியப் பார்த்துத்தானே சரின்னார், அன்னைக்கு வேற ஒருத்தியக் கொண்டு போய் உக்காரவச்சா மோசடி கேஸ் போடுவார் என்றாள். அவள் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அனசூயாவுக்கு வரவில்லை. கனகரத்னத்தின் மகள் கல்யாணத்துக்கு ராஜமுந்திரியிலிருந்து ஆள் வந்து, கூடத்தில் விளக்கெல்லாம் நட்டுவைத்து, அந்தச் சாதாரணப் பெண்ணைச் சிலையாக்கி விட்டுப் போனதை அவள் மறக்கவில்லை. அப்போதும் அவள் ஸ்ரவந்தியிடம் உதாரணமாகச் சொன்னது ஹைமாவைத்தான். உங்க அக்காவப் பாரு, ரயில்ல ராத்திரியெல்லாம் வந்தாலும் முகம் அப்படியே இருக்கு, மாப்பிள்ளை எவ்வளவு வாங்கிக் குடுக்கறார், அவளும் போட்டுக்கத் தெரிஞ்சவ.

இப்போது அனசூயாவே பீமவரத்தில் விசாரித்து மௌனிகா என்ற பெண்ணின் நம்பரை வாங்கினாள். ஒரு முகத்துக்காக அவ்வளவு தூரம் வரமாட்டேன், குறைந்தது இரண்டு முகமாவது வேண்டும் என்றாள் மௌனிகா. அதைக் கேட்டதும் அனசூயாவுக்கு உள்ளே ஏதோ லேசாகியது. காரணம் தானாக வந்து கையில் விழுந்துவிட்டது.

"யாருக்கும்மா, எனக்கா அக்காவுக்கா?" என்றாள் ஸ்ரவந்தி.

"ரெண்டு பேருக்கும்தான். அவ ஒரு ஆளுக்கு வரமாட்டாளாம். ஏதோ வந்தவங்க நாலு பேர் பார்க்கறப்ப…"

"நீ விடைய மட்டும் எழுதற. கணக்கு எங்கம்மா?"

அனசூயா பாத்திரத்தைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த பாத்திரம். ஸ்ரவந்தி கூடத்துப் பக்கம் திரும்பி, குனிந்து வேலை செய்துகொண்டிருந்த அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் எப்போதும் இருக்கிற விளையாட்டு மெல்ல வடிந்து போனது. "வரச் சொல்லு," என்றாள். "எனக்காகன்னே எல்லார்கிட்டயும் சொல்லிக்கோ."

அனசூயா அப்படித்தான் சொன்னாள். கனகரத்னம் விடவில்லை. "என்ன அனசூயா, டீச்சரம்மா அப்படி வேணாம்னாங்க. மாப்பிள்ளை வீட்டுல போட்டோவ மறுபடி பார்த்துட்டாங்களா?" என்றாள். கூடமே சிரித்தது. ஸ்ரவந்தியும் சிரித்தாள். ஆமா அத்தை, வரதட்சணைல இன்னும் பாதி சேர்த்துக் கேட்டாங்க என்றாள். அந்தக் கேலியை அவள் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க அனசூயாவால் முடியவில்லை. அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போனாள்.

மறுநாள் மத்தியானம், ஒத்திகை பார்க்க மௌனிகா ஸ்கூட்டரில் வந்தாள். சின்ன உருவம். அந்த உருவத்தில் பாதி இருந்தது அவள் பெட்டி. படுக்கையறையில் வட்ட விளக்கைப் பொருத்தி, உயரமான நாற்காலியை விரித்தாள். முதலில் மூத்தவளுக்குப் போட்டுப் பார் என்றாள் அனசூயா. ஹைமா உட்கார்ந்து முகத்தைக் காட்டினாள். மௌனிகா பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காதது அனசூயாவுக்கு நன்றியாக இருந்தது. அந்த நன்றியே பிறகு கூசியது. கேட்காதவளிடம் அனசூயா பாத்ரூம் கதையைச் சொன்னாள்.

"ஆமா ஆன்ட்டி, இப்ப வர்ற டைல்ஸ் ரொம்ப மோசம்," என்றாள் மௌனிகா, பிரஷ்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே.

ஒரு பூச்சு போட்டாள். கன்னம் சாம்பலாகியது. இன்னொரு பூச்சு. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈரம் மேலே ஏறி வருவதுபோல அந்த நீலம் அடியிலிருந்து ஏறி வந்தது. மூன்றாவதுக்குக் கையெடுத்தபோது ஹைமா கண்ணை மூடியபடியே பேசினாள்.

"இதுக்கு மேல போடாதீங்க. எல்லாத்தையும் துடைச்சிடுங்க. முதல்ல சிவப்பு லிப்ஸ்டிக், ஒரு பொட்டு அளவு. விரலால தட்டணும், தேய்க்கக் கூடாது. அது காஞ்சதும் மேல இதப் போடுங்க."

மௌனிகாவின் கை நின்றது. "ஆரஞ்சு இருக்குக்கா. அதுக்குன்னே வர்றது."

"ஆரஞ்சு அப்புறம். நீலமா இருக்கறவரைக்கும் சிவப்புதான் கேக்கும். பழுத்து மஞ்சளாயிட்டா ரெண்டுமே வேணாம், பவுடரே போதும்."

பருப்பு எவ்வளவு வெந்ததும் புளி விட வேண்டும் என்று சொல்கிற குரல். அதில் வருத்தமோ ரகசியமோ இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஸ்ரவந்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். வாசல்படியில் நின்ற அனசூயாவின் கை கதவில் இருந்தது. மௌனிகா சொன்னபடியே செய்தாள். சிவப்புப் பொட்டு, தட்டல், காத்திருப்பு, மேலே பூச்சு. கன்னம் கன்னமாகத் திரும்பி வந்தது. எட்டிப் பார்த்த கனகரத்னம், அடேங்கப்பா, மூத்தவளையே மறுபடி மணையில உக்கார வைக்கலாம் போலிருக்கே என்று சொல்லிவிட்டுப் போனாள். அனசூயாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. நாளைக்குத் தெரியாது என்கிற முழு நிம்மதி. அது நெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான், மகள் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

சங்கராந்திக்கு வந்தவளுக்குத் தலையில் எண்ணெய் வைக்கக் கிண்ணத்தோடு நின்றபோது, சளி பிடிச்சிருக்கும்மா, முகத்துல தண்ணி படவே கூடாது என்றாள். அதற்கு முந்தின உகாதிக்கும் ஏதோ சொன்னாள். பட்டணம் போனதும் அம்மா கை எண்ணெய் நாற ஆரம்பிச்சிருச்சு என்று அனசூயா கனகரத்னத்திடம் குறைப்பட்டுக்கொண்டாள். ஆனால் அதே வாயால் தெருவில், எங்க ஹைமா வீட்டுக்குள்ளயே மகாலக்ஷ்மி மாதிரி இருப்பா என்றாள். மோவாயைப் பிடித்துத் திருப்பி, எப்படிடி இப்படிப் போடற என்று கேட்டிருக்கிறாள். கேட்டபோது மகள் லேசாக முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பூச்சு கலைந்துவிடும் என்ற கர்வம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

ஸ்ரவந்தி நாற்காலியில் உட்கார்ந்ததும் ஹைமா கொல்லைப்பக்கம் தண்ணீர் குடிக்க வந்தாள். உதட்டில் படாமல் டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொண்டாள். அனசூயா தென்னை மரத்தடியில் நின்றிருந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல் நாட்களைக் கேட்டாள்.

"சங்கராந்திக்கு வந்தப்போ?"

"அப்போ தாடை."

"தசராவுக்கு?"

ஹைமா கொஞ்சம் யோசித்தாள். "தசராவுக்கு ஒண்ணும் இல்லம்மா. அப்போ ஆசைக்குத்தான் போட்டுக்கிட்டேன்."

அந்த ஒரு பண்டிகையை அம்மாவுக்கு மிச்சம் வைத்துக் கொடுப்பது போலச் சொன்னாள்.  ஏன் சொல்லவில்லை என்று அனசூயா கேட்டாள். கேட்கும்போதே அந்தக் கேள்வி எவ்வளவு வெட்கங்கெட்டது என்று தெரிந்தது.

"சொல்ல வாயெடுத்தா நீ முந்திக்கறயேம்மா," என்றாள் ஹைமா. கோபமில்லை. "நாளைக்கு ஒரு நாள் எதுவும் கேக்காம இரு. அப்பாவுக்கும் தெரிய வேணாம். இவ கல்யாணம் நல்லபடியா முடியட்டும்."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் நீ என்ன கேப்ப?"

குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள். ரயில் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று கேட்பதுபோல, பதிலுக்காக நின்றாள். இங்கேயே இருந்துவிடு என்று இரண்டு சொல் போதும். அனசூயாவின் மனது அந்தச் சொற்களுக்குப் போகாமல் நாத்தனாரிடம் போனது, தெருவுக்குப் போனது, புது மாப்பிள்ளையின் வேலைக்குப் போனது, ஆஸ்பத்திரி பெஞ்சுக்குப் போனது. போய்த் திரும்புவதற்குள் ஹைமா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போயிருந்தாள்.

மௌனிகா பெட்டியைக் கட்டி வெளியே எடுத்து வந்தபோது அனசூயாவும் கூடவே வந்தாள். நீ நாளைக்கு வர வேணாம் என்று சொல்லிவிட வேண்டும். கஷ்டம் ஒன்றுமில்லை, ஒரே வாக்கியம். ஹைமா அந்தக் கன்னத்தோடே பலகையில் உட்காரட்டும். தான் பொட்டு வைக்கும்போது எல்லோரும் பார்க்கட்டும். பார்க்கிறவர்களை மாப்பிள்ளை பார்க்கட்டும். முன்னறையில் கோட்டேஸ்வரராவ் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குக் காரே அனுப்பறேன் மாப்பிள்ளை, நீங்க ஆட்டோ பிடிக்கக் கூடாது, அது எங்களுக்கு மரியாதையா? அந்தக் குரலில் இருந்த குழைவு அனசூயாவுக்குத் தன் குரலாகவே கேட்டது.

"அப்ப விடியக்காலம் வந்துடறேன் ஆன்ட்டி. ரெண்டு முகம்தானே?"

அனசூயா வாயைத் திறந்தாள்.

"வேர்த்தா கலைஞ்சிடுமா?"

கேட்டது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மௌனிகா ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே அவளை நேராகப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"கலையாது ஆன்ட்டி. அழுதா மட்டும் துடைக்க வேணாம்னு சொல்லுங்க. ஒத்தி எடுக்கணும்."

ஸ்கூட்டர் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிப் போன பிறகும் அனசூயா அங்கேயே நின்றாள். படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஹைமா பீரோக் கண்ணாடி முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரியச் சிரித்துவிட்டு, கன்னத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பூச்சில் எங்காவது கோடு விழுகிறதா என்று பார்த்தாள். சிரிப்பைக் கொஞ்சம் குறைத்தாள். மறுபடி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். அந்த அளவு சரியாக இருந்தது போலும். அதை அப்படியே வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு ஒரு பக்கமும் மறுபக்கமும் திரும்பினாள். கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இதோ வர்றேன் என்று, அந்த அளவு மாறாமல், கதவை நோக்கி நடந்தாள்.