வேலிக்கு மேலே பதினோரு ஆடுகள்

மூன்றாவது நாளும் பனி நிற்கவில்லை. பேராசிரியர் ஓக் சொன்ஹேயின் கணினித் திரையில் பதினோரு புள்ளிகளில் நான்கு அசைவற்றுப் போயிருந்தன. கொரியாவின் காங்வொன் மலையில் பத்து வருடமாக, இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை கட்டி அவர் பின்தொடர்ந்த காட்டு மலையாடுகள். மேலே இடுப்பளவு பனி, தின்ன ஒன்றுமில்லை. கீழே இறங்கினால் பிழைக்கும். ஆனால் காட்டுப்பன்றிகளைத் தடுக்கப் போட்ட கம்பிவேலி குறுக்கே நின்றது.

வேலியைத் திறக்கக் கேட்டு அழைத்தபோது, அரசு அலுவலகத்தில் போனை எடுத்தவர், "மனு கொடுங்க. முடிவெடுக்கிற கூட்டம் பத்து நாள் கழிச்சுதான்" என்றார்.

வேலிக் கதவின் சாவி, அடிவாரத்தில் பன்றிப் பண்ணை வைத்திருந்த தோ பியொங்சுவிடம் இருந்தது. சொன்ஹே அவர் வாசலில் போய் நின்றார்.

"அண்ணே, ரெண்டே நாள் திறந்து விடுங்க."

"ஆடு மட்டும்தான் வரணும்னு பன்னிக்கு எழுதி ஒட்டுவீங்களா, புரொபசரம்மா?" பியொங்சு சிரிக்கவில்லை. "நாலு வருஷம் முன்னால பன்னிக் காய்ச்சல் பரவக் கூடாதுன்னு என் எண்ணூறு பன்னியையும் உயிரோட குழியில தள்ளி மூடினாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டதிலேர்ந்து என் பொண்டாட்டி பண்ணைப் பக்கமே வர்றதில்ல. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

சொன்ஹே திரும்பி நடந்தார். காய்ச்சல் கண்ட காட்டுப்பன்றிகள் மேலே திரிவதைப் போன மாதம் அவரே பதிவு செய்திருந்தார்.

மறுநாள் காலை கம்பி வெட்டும் கத்தரியோடு தனியாக ஏறினார். வேலியோரம் ஒரு பெட்டை ஆடு, கம்பியில் நெற்றியை முட்டியபடியே விறைத்துக் கிடந்தது. தாயில்லாக் குட்டியாகக் கிடைத்தபோது அவர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்துக் காட்டில் விட்ட ஆடு. கையை நுழைத்து வயிற்றைத் தொட்டார். சினையாக இருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று உயிரோடு, எழ முடியாமல் அவரையே பார்த்தது.

கத்தரியைக் கம்பியில் வைத்தார்.

"வெட்டுங்க," பின்னால் பியொங்சுவின் குரல். "வெட்டிட்டு அப்படியே பண்ணைக்கு வந்து குழியையும் நீங்களே தோண்டிடுங்க."

கத்தரி நழுவி விழுந்தது. சொன்ஹே பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "சாகுறத எண்ணிக்கிட்டே நிக்கச் சொல்றீங்களா, அண்ணே?"

பியொங்சு இறங்கிப் போனார். ஒரு மணி நேரம் கழித்துக் காய்ந்த மல்பெரி இலை மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"கதவைத் திறக்க மாட்டேன். இதை வேணா வேலிக்கு மேலால கொட்டுவோம்."

ஆறு நாள் இருவரும் சுமந்தார்கள். பனி நின்றபோது மூன்று புள்ளிகள்தான் நகர்ந்தன.

செத்துப்போன எட்டு ஆடுகளின் கழுத்துப்பட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு சொன்ஹே கூட்டத்துக்குப் புறப்பட்டபோது, பியொங்சுவும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

"நீங்க வேலி வேணும்னுதானே சொல்வீங்க?"

"வேணும்தான். அதை எங்க போடணும்னு நீங்க சொல்லுங்க. நான் ஆமாங்கிறேன்."

கூட்டம் அரைமணி நேரத்தில் முடிந்தது. வேலி இருக்கும் இடத்திலேயே இருக்கும் என்றார்கள்.