இறுகக் கட்டிய வடம்

"போகுமா, போகாதா? ஒரே வார்த்தையில சொல்லணும்."

பிரான்ஸில், பூலோன் துறைமுகத்தின் கல்மேடையில் பதினொரு படகோட்டிகள் வரிசையாக நின்றார்கள். படையெடுப்புக்கு வீரர்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக் கரைவரை அவரவர் படகு தாங்குமா என்பது ஜெர்மன் கடற்படை அதிகாரியின் கேள்வி. பத்துப் பேரும் "போகும்" என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் முன்பு "போகாது" என்று சொன்ன ஒருவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் குடித்து வைத்த காபிக் குவளை இன்னும் அவன் படகில், மழைத்தண்ணீர் நிரம்பி, அப்படியே இருந்தது.

பதினொன்றாவதாக நின்ற கிஸ்பெர்ட் அந்தக் குவளையை ஒருமுறை பார்த்தார். "போகும்" என்றார்.

பொய். ரைன் நதியில் முப்பத்தோரு வருஷம் நிலக்கரி சுமந்த படகு அவருடையது. அடிப்பாகம் தாம்பாளம் மாதிரித் தட்டை. சொந்தமாக எஞ்சின் கிடையாது. இழுவைப் படகு இழுத்தால்தான் நகரும், அதுவும் ஆள் நடக்கிற வேகத்தில். 1940 ஆகஸ்டில் ராணுவம் அதைப் பிடுங்கி, முகப்பை அறுத்து, டாங்கி இறங்கக் கதவு வைத்து, உள்ளே சிமென்ட் கொட்டியது. இதற்கு மேல் பாரம் ஏற்றாதே என்று காட்டும் வெள்ளைக்கோடு முகப்போடு சேர்ந்து பழைய இரும்புக்குப் போனது. போன வாரம் ஒத்திகையில், காற்றே இல்லாத காலையில், வீரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கியதற்கே ஒரு படகு குப்புறக் கவிழ்ந்தது. நடுக்கடலில் இங்கிலீஷ்காரன் குண்டு போட வேண்டியதில்லை. அவனுடைய போர்க்கப்பல் ஒன்று பக்கத்தில் வேகமாகப் போனாலே போதும்.

அவருடைய இந்தப் படகில்தான் மருமகன் ஏவால்ட் போகப்போகிறான். கடல் அமைதியாகும் முதல் நாளே, முதல் அணியில். தற்செயல்கூட இல்லை. "என் மாமனார் படகு சார்" என்று சார்ஜெண்டிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தான். 'அவர் உங்க படகுல வர்றார்னு தெரிஞ்சப்புறம்தான் நிம்மதியா தூங்கினேன் அப்பா' என்று மகள் எழுதிய கடிதம் கிஸ்பெர்ட்டின் சட்டைப் பையில் இருந்தது. நான்கு நாளாக அவருக்குத் தூக்கம் இல்லை.

ஒரு வழி இருந்தது. விமானக் குண்டில் படகை இழந்த இரண்டு கம்பெனிகளைப் பின்வரிசைக்கு, ஊருக்குள் அனுப்பிவிட்டார்கள். மாற்றுப் படகு கிடையாது. படகு இல்லை என்றால் பயணம் இல்லை.

படகை மூழ்கடிக்கும் உபாயம் கிடைத்தது பழைய அவமானத்திலிருந்து. நதிக்காரன் படகை அசையாமல் இறுகக் கட்டுவான். நதி அரை நாளில் எங்கும் போய்விடாது. வந்த முதல் நாள் இங்கேயும் அப்படியே கட்டிவிட்டு சூப் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது ஓதம் வற்றி, கடல் இரண்டு மாடி உயரம் இறங்கியிருந்தது. படகு வடத்தில் தொங்கியது. அரை மணி தாமதித்திருந்தால் மூழ்கியிருக்கும். துறைமுகமே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'கொடிக்கயிறு'.

நண்பகலில் கடல் நிறைந்து நின்றபோது, முன்வடம், பின்வடம் இரண்டையும் ஓரடித் தளர்வு கூட இல்லாமல் கட்டினார் கிஸ்பெர்ட். அதே முட்டாள்தனம் இரண்டாம் தடவை. நம்புவார்கள்.

உணவுக்கூடத்தில் பட்டாணி சூப் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான் யோப். ஹாலந்துக்காரன்; படகோடு சேர்த்து அவனையும் பிடித்து வந்திருந்தார்கள்.

"என்னய்யா கொடிக்கயிறு, இன்னிக்குத் துணி ஏதாச்சும் காயப்போட்டிருக்கியா?"

"உன் கோமணத்தைத்தான் தேடிட்டிருக்கேன்."

"அது கொடியா பறக்குது, போய் சல்யூட் அடி."

கிஸ்பெர்ட் சிரித்தார். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டும் ஆயிற்று. சூப் ஆறி மேலே ஆடை கட்டியது. ஸ்பூனைக் கையில் வைத்தபடி ஜன்னல் வழியே பார்த்தவர் எழுந்து நின்றார்.

படகு மேடைப்பக்கம் தூக்கி, கடல்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த ஓரத்துக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு சாண்கூட இல்லை. படகின் முனையில், கதவுக்கு மேலே கவிழ்ந்து படுத்து, கையில் தூரிகையோடு ஏவால்ட்.

அவர் ஓடினார். வடம் இரண்டும் முனகுவது தூரத்திலேயே கேட்டது.

"மாப்ளே! அங்க என்ன பண்றே? மேல வா!"

"வெள்ளைக்கோடு மாமா! கோடு இல்லாம படகு மொட்டையா இருக்குன்னு வருத்தப்பட்டீங்களே! இன்னும் ஒரு முழம்தான்."

ஏணி வளைந்து சுவருக்கும் படகுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. ஏறி வர வழியில்லை. முடிச்சில் கை வைத்தார், கல்லாக இறுகியிருந்தது. தீயணைப்புக் கோடரிகள் இரண்டு சுவரில் மாட்டியிருந்தன. பின்னாலேயே ஓடிவந்த யோப் ஒன்றை உருவி நீட்டினான். நீட்டிய கை நின்றது. முடிச்சையும் கிஸ்பெர்ட்டின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீயே கட்டினதா?"

"ஒண்ணை மட்டும் வெட்டினா கவுந்துரும்" என்றார் கிஸ்பெர்ட். "நான் முன்னாடி, நீ பின்னாடி. மூணு சொல்லுவேன்."

"வெட்டினா படகு பொழைச்சிடும்யா."

"தெரியும். ஒண்ணு."

கோடரிகள் ஒன்றாக இறங்கின. படகு தொப்பென்று விழுந்து, இரண்டு பக்கமும் பலமாக ஆடி, நிமிர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. ஏவால்ட் முகமெல்லாம் வெள்ளைச் சாயத்தோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

"பொழைக்க வெச்சிட்டீங்க மாமா!"

சத்தம் கேட்டு வந்த அதிகாரி, வெட்டுப்பட்ட வடத்தைக் காலால் புரட்டிப் பார்த்தார். "மறுபடியும் நதிக்காரன் புத்தி. ஆனா படகு தப்பிச்சுது. நல்ல வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். யோப் கோடரியைத் துடைத்துச் சுவரில் மாட்டினான்.

ஏவால்ட் புது வடத்தை வாங்கித் தானே கட்டினான். கடல் எவ்வளவு இறங்கினாலும் போதும்படி, தாராளமாகத் தளர்வு விட்டு.

"கோடு சரியா இருக்கா மாமா? ஒரு குத்துமதிப்பாதான் போட்டேன்."

கோடு நேராக, அழகாக இருந்தது. இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அதற்குக் கீழே கடல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், எதிர்க்கரைவரை எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. ஈரச் சாயம் ஒரு சொட்டு, மெல்ல, தண்ணீரை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.